ரோமாபுரியில் ஒரு நாள்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு உழைத்துவரும் இக்கழகத்தின் விழாவில், 'அயல்நாட்டுக் கல்வி' பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். என்னிடம் பத்தாம் வகுப்புவரை பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் பொறியியல் முதுகலை பயில்கிறார். அங்குள்ள பல்கலைக்கழகம் 1088ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கொள்ளப்பெறும் பழம்பெருமை உடையது. விடுமுறையில் ஊருக்கு வந்த அவர், ரோமாபுரியில் தாம் கழித்த ஒரு நாளைப் பற்றி என்னிடம் விரிவாகக் கூறினார். அதனை, நான் நூல்களில் கற்றவற்றோடு இணைத்து உங்கள் முன் வைக்கிறேன். நாளை உங்களுள் ஒருவர் அங்கே செல்லுங்கால், எதைக் காண வேண்டும், எப்படிக் காண வேண்டும் என்பதற்கு இது துணையாகலாம்.

உதவித்தொகையில் வாழும் மாணவர் காசை எண்ணித்தான் செலவிட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் இத்தாலிய அரசின் அருங்காட்சியகங்களுக்கும் தொன்மைச் சின்னங்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆகவே அந்நாளையே தேர்ந்து, விடியலில் தொடர்வண்டி ஏறினார்.

முதலில் கண்டது கொலோசியம் என்னும் வட்டரங்கு. கி.பி. 80இல் தீத்துஸ் பேரரசன் காலத்தில் திறக்கப்பெற்ற இவ்வரங்கில் ஏறத்தாழ 50,000 பேர் அமரலாம். அதன் வளைவுகளைக் கண்டு வியவாதார் இலர். ஆயின் இருக்கைகளின் ஒழுங்கையும் நோக்குங்கள். கீழே, காட்சிக்கு அண்மையில், ஆட்சிமன்றத்துப் பெருங்குடியினர். மேலே செல்லச் செல்லத் தகுதி குறைந்தோர். எல்லார்க்கும் மேலே, தொலைவில், ஏழைகளும் பெண்டிரும் அடிமைகளும். பிறப்பும் பதவியும் இருக்கையைத் தீர்மானித்தன. களத்தில் இறங்கிச் செத்தவரோ பெரும்பாலும் அடிமைகளும் போர்க்கைதிகளும் குற்றவாளிகளுமே. இக்கொடுமையை எதிர்த்து, இவ்வரங்கு எழுவதற்கு முன்னரே, கி.மு. 73இல் ஸ்பார்ட்டகஸ் என்னும் அடிமை வீரன் கிளர்ந்தெழுந்தான். கி.மு. 71இல் அவன் வீழ்ந்தபின், அவனைச் சேர்ந்தோர் 6,000 பேர் கப்புவா முதல் ரோம் வரை சாலையோரத்தில் சிலுவையில் அறையப்பட்டனர். ரோமின் பெருமையைப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேச வேண்டும்.

அடுத்து ஃபோரம் என்னும் பழைய பொதுமன்றம். இன்று உடைந்த தூண்களே எஞ்சியுள்ளன. ஆனால் நமக்கு மிகவும் வேண்டிய பாடம் இங்கேதான் உள்ளது. ரோமில் பெட்ரீஷியர் என்னும் உயர்குடியினரும் பிளீபியர் என்னும் எளிய குடியினரும் இருந்தனர். உரிமை மறுக்கப்பட்ட பிளீபியர், கி.மு. 494இல் நகரைவிட்டே வெளியேறி ஒரு குன்றின்மேல் தங்கி, தமக்கெனக் காவலர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றனர் என்பது வரலாற்று மரபு. அதுவரை எழுதப்படாதிருந்த சட்டம், கி.மு. 450 அளவில் பன்னிரண்டு பலகைகளில் எழுதப்பெற்று இம்மன்றத்திலேயே மக்கள் காண வைக்கப்பெற்றது. எழுத்தறிவு உரிமைக்கு வழியாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் நூலில் இப்பிளீபியரை எடுத்துக்காட்டுகிறார். அவர்கள் உயர்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னரும், தெய்வ வாக்கு அவர்களை ஏற்றால்தான் பதவி என்னும் சமய நம்பிக்கை குறுக்கே நின்றது. அவ்வாக்கை உரைப்பிக்கும் குருமாரோ உயர்குடியினர். வாக்குச்சீட்டு மட்டும் விடுதலை தராது, சமுதாயச் சீர்திருத்தமும் வேண்டும் என்று அண்ணல் அதிலிருந்து நிறுவினார். அந்நூலைப் படித்தவர்க்கு ஃபோரத்தின் கற்கள் பேசும். படியாதவர்க்கு அவை வெறுங்கற்களே.

நண்பகலில் பாந்தியன் கோயில். ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 அளவில் முடிவுற்றது. அதன் குவிமாடத்தின் விட்டம் 43 மீட்டருக்கும் மேல். இரும்புக் கம்பி இல்லாத கற்காரைக் குவிமாடங்களில் உலகிலேயே பெரியது இதுவே. எரிமலைச் சாம்பல் கலந்த சுண்ணக்காரையைக் கொண்டு, கீழே கனத்த கற்களையும் மேலே செல்லச் செல்ல இலேசான கற்களையும் சேர்த்துக் கட்டினர். உச்சியில் திறந்த வட்டத்தின் வழியே ஒளியும் மழையும் உள்ளே வரும். மழைநீர் வடியத் தரையில் துளைகளும் உண்டு.

வெளியே வந்த மாணவருக்குத் தாகம். ரோமாபுரித் தெருக்களில் 2,000க்கும் மேற்பட்ட சிறு குழாய்களில் குடிநீர் ஓயாது ஓடுகிறது. செல்வரும் ஏழையரும், ஊராரும் அயலாரும், கை ஏந்திக் குடிக்கின்றனர். அவரும் குடித்தார். "நீ எந்தத் தெரு?" என்று எவரும் கேட்கவில்லை. 1927இல் மகாடு குளத்தில் ஒரு கை நீர் அள்ளுவதற்கு அண்ணல் ஆயிரக்கணக்கானோருடன் அணிவகுத்துச் செல்ல வேண்டியிருந்தது. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். அந்த ஒரு கை நீரின் அருமையை நம்மவரைவிட யார் அறிவார்?

மாலையில் வண்டி ஏறுமுன், போர்த்தா மஜோரே வாயிலருகே ஒரு கல்லறையைக் கண்டார். பயணிகள் பலர் அதனை நோக்குவதில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூரிசாசஸ் என்னும் ரொட்டி சுடுபவரின் கல்லறை அது. அவர் விடுதலை பெற்ற அடிமையாக இருக்கலாம் என்பர் அறிஞர். மாவரைப்பதும் பிசைவதும் சுடுவதும் நிறுப்பதும் அதில் சிற்பங்களாக உள்ளன. தம் உழைப்பை அவர் மறைக்கவில்லை. கல்லில் செதுக்கி வைத்தார்.

இன்னொன்றும் கூறுவேன். இலத்தீன் பெருங்கவிஞர் ஹோரஸ், விடுதலை பெற்ற அடிமை ஒருவரின் மகன். அத்தந்தை, சிற்றூரில் இருந்த மகனை ரோமாபுரிக்கு அழைத்து வந்து, பெருங்குடிப் பிள்ளைகளுக்குரிய கல்வியை அளித்தார். ஆசிரியர்களிடம் தாமே உடன் சென்றார். பின்னர் மகன் ஏதென்சு நகரிலும் பயின்றார். புகழடைந்த பின்னும் ஹோரஸ் தம் தந்தையை எண்ணி நாணியதில்லை, நன்றியோடு பாடினார். கூலி வேலைக்குச் சென்றும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர்களே, அத்தந்தை உங்கள் இனத்தவர்! வெளிநாடு செல்லும் இளைஞர்களே, அம்மகனின் நன்றி உங்களுக்கும் உரியதாகுக!

1913இல் அண்ணல் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றது பரோடா மன்னரின் உதவியால். இன்று பட்டியல் இனத்து மாணவர்க்கு நடுவணரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உள்ளது. அது 1954-55இல் தொடங்கப்பெற்றது. திட்டம் இருந்தும் விண்ணப்பிக்க வழியறியாது நின்றோர் பலர். கடவுச்சீட்டுப் பெறவும், சான்றிதழ்களைத் திரட்டவும், ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தமாகவும் வழிகாட்டும் குழு ஒன்றினைக் கழகம் இவ்வாண்டே அமைக்க வேண்டுமென வேண்டுகிறேன். ஓய்வு நேரத்தில் அப்பணிக்கு நானும் வருகிறேன்.

மாணவ மணிகளே! செல்லுங்கள், படியுங்கள், விடுமுறை கிடைத்தால் பழம்பெரும் நகரங்களைக் கண்குளிரக் காணுங்கள். கட்டியவன் யார், சுமந்தவன் யார், எங்கே அமர வைக்கப்பட்டான் என்று கேட்டுக்கொண்டே காணுங்கள். கண்டதை நம் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வந்து சொல்லுங்கள்.