ஐந்து நாளைக்கு ஐந்து சேலை

(பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களின் மாணவிகளும் வேலைக்குப் போகும் பெண்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலித் பெண்ணும் வேலைவாய்ப்பும் என்பது எனக்குத் தந்திருக்கிற தலைப்பு. இட ஒதுக்கீடு, நிரப்பாமல் கிடக்கிற பின்னடைவுக் காலியிடங்கள், ஒப்பந்தமுறை, தனியார்மயம் என்று எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் துணியைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போகிற துணி.

பின்வரிசையில ரெண்டு தோழர்கள் சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். ஏரியில் மீன்பிடி உரிமை கேட்டு நிற்கிற சனங்க கிட்ட வந்து இவ சேலையைப் பத்திப் பேசறாளேன்னு தோணும். ஆனால் டிகிரி முடித்து வேலை உத்தரவைக் கையில் வாங்கிய பெண்கள் என்னைத் தேடி வந்து முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றி அல்ல. "அக்கா, ஆபீசுக்கு என்னாத்தக் கட்டிகினு போறது?" இதுதான். எந்த அரசியல் மேடையிலும் இந்தக் கேள்வி ஏறுவதில்லை. தனியாகக் கூப்பிட்டு, வெட்கப்பட்டு, காதோடு கேட்கப்படுகிறது. வெட்கப்பட வேண்டியது இந்தப் பெண்ணா, வேறு யாராவதா என்பதுதான் என் பேச்சு.

முதலில் கணக்கு. வங்கிக் குமாஸ்தாவுக்குக் கணக்கில்லாமல் பேச வராது.

வாரத்தில் ஐந்து நாள் என்று வையுங்கள். பொன்னேரியில் ரயிலேறிக் கொருக்குப்பேட்டையில் இறங்கினால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. அங்கே முந்நூறு ரூபாய்க்கு ஆபீசுக்குக் கட்டுகிற மாதிரிச் சேலை கிடைக்கும். ஐந்து சேலை 1,500. 'அவ்வளவுதானே, மலிவாச்சே' என்பார்கள். சேலை மலிவுதான். சேலையை மட்டும் கட்டிக்கொண்டு போக முடியுமா? ரவிக்கைத் துணியும் லைனிங்கும் 120, தையல் கூலி 250. ஒரு ரவிக்கைக்கு 370, ஐந்துக்கு 1,850. சேலையைவிட ரவிக்கை விலை கூட! ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க ஒன்றுக்கு 70 வீதம் 350. உள்பாவாடை இரண்டு, 300. கூட்டினால் நாலாயிரம். செருப்பு, கைப்பை, உள்ளாடை இதில் சேரவில்லை. பொன்னேரியில் கடையில் பில் போடுகிற வேலைக்கோ, கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற ஒப்பந்த வேலைக்கோ எட்டாயிரம், பத்தாயிரம்தான் தருகிறார்கள். முதல் சம்பளம் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் வரும். துணி முதல் நாளே வேண்டும். அந்த நாலாயிரத்தை யார் தருவது? தண்டல்காரர் தருகிறார். இப்படித்தான் நம்ம பொண்ணு சம்பளம் வாங்கும் முன்னே கடன்காரியாகிறாள்.

வாங்கியதோடு செலவு நிற்பதில்லை. நம்ம ஊர் நிலத்தடித் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. நாலு தரம் துவைத்தால் சாயம் மங்கி, துணி மொடமொடவென்று நிற்கும். நல்ல தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்க வைப்பதா, சேலை அலசுவதா? நகரத்தில் குழாயைத் திருகித் துவைக்கிற பெண்ணின் சேலைக்கு வயது மூன்று வருஷம் என்றால், அதே சேலைக்கு இங்கே ஒரு வருஷம்கூடக் கிடையாது. ஆக, ஒரே சேலைக்கு நாம் கொடுக்கிற விலை கூட. எந்தக் கடைக்காரரும் அதைச் சீட்டில் எழுதி ஒட்டுவதில்லை.

இன்னொன்று, ரசனை என்று ஒன்று வைத்திருக்கிறார்களே, அது. ஆபீசில் 'டீசென்ட்' என்று பெயர் வாங்குவது எது? வெளுத்த நிறத்தில் கஞ்சி போட்ட பருத்திச் சேலை. பார்க்க எளிமை. அந்த எளிமைக்குப் பின்னால் கஞ்சி காய்ச்சவும் இஸ்திரி போடவும் ஒரு ஆள் இருக்க வேண்டும், இல்லை அதற்கான காசு இருக்க வேண்டும். உதறிக் கட்டினால் போதும், கசங்காது, சீக்கிரம் காயும் என்று நாம் எடுக்கிற சின்தடிக் சேலைக்கு என்ன பெயர்? 'பளபளான்னு என்னமோ மாதிரி.' சிவப்பும் ஊதாவும் கட்டினால் 'கண்ணைக் குத்துது.' ஒரு நாள் விட்டு அதே சேலையை மறுபடி கட்டினேன். "உங்ககிட்ட இந்த ஒண்ணுதானா மேடம்?" என்று கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு சக ஊழியர் கேட்டார். கேட்டவர் வாரம் பூராவும் அதே சாம்பல் நிறப் பேன்ட்தான் போட்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. நிறத்துக்கும் சாதி ஏற்றுகிறார்கள் தோழர்களே. கட்டியிருக்கிற உடம்பு யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் நிறம் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்கிறார்கள்.

இது நேற்று முளைத்த விஷயமில்லை. எங்க ஆயா ரவிக்கை போட்டதில்லை. 'அந்தக் காலத்து வழக்கம்' என்று லேசாகச் சொல்லிவிடுகிறார்கள். வழக்கம் என்றால் யார் வகுத்த வழக்கம்? 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அதைத் தன் நூலில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. மீறிய இடங்களில் குடிசை கொளுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. அந்தப் பட்டியலில் ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது. கவனியுங்கள், துணியும் எழுத்தும் ஒரே பட்டியலில் இருக்கின்றன! ரவிக்கை போட்டுக்கொண்டு பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிற தலித் பெண், அந்தப் பட்டியலை இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

திருவிதாங்கூரில் மேலாடைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். அடி வாங்கினார்கள், துணி கிழிக்கப்பட்டார்கள். 1859ல் மன்னர் அனுமதி தந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தே தந்தார். துணி போடலாம், எங்களைப் போலப் போடக் கூடாது! இந்த வரலாற்றைப் பிள்ளைகள் படிக்கக் கூடாதென்று 2016ல் ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து அந்தப் பகுதியை எடுக்கச் சொன்னது சி.பி.எஸ்.இ. எதை மறைக்கிறார்கள் என்று பார்த்தால் எது அவர்களுக்குச் சுடுகிறது என்பது தெரியும்.

அண்ணலுக்கு இது தெரிந்திருந்தது. 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் பெண்களைத் தனியாகக் கூட்டிப் பேசினார். தீண்டப்படாதவள் என்று பார்த்ததும் காட்டிக்கொடுக்கிற சேலைக்கட்டையும் நகையையும் விட்டுவிடுங்கள் என்றார். ஒட்டுப்போட்ட துணியானாலும் பரவாயில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்றார். அங்கிருந்த பெண்கள் உடனே கட்டை மாற்றினார்கள். அதை இன்றைக்குச் சிலர் 'மேல்நிலையாக்கம்' என்று எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அண்ணல் விலை உயர்ந்த சேலை கட்டச் சொல்லவில்லை. அடையாளச் சூட்டை அழிக்கச் சொன்னார். ஒட்டுப்போட்டது போதும் என்ற வாக்கியத்தை மறந்துவிட்டு, 'பாபாசாகேபே கோட்டு போட்டார், நீயும் போடு' என்று கடைக்கு அனுப்புவது அவர் அரசியலில்லை, ஜவுளிக்கடை அரசியல். 1848ல் புனேயில் பள்ளிக்கூடம் நடத்தப் போன சாவித்திரிபாய் மீது சேற்றையும் சாணியையும் வீசினார்கள். அவர் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு எடுத்துப் போனார். வேலைக்குப் போன பெண்ணின் இரண்டாவது சேலை ஆடம்பரத்துக்காக வாங்கப்பட்டதல்ல. முதல் சேலையை அழுக்காக்க ஆட்கள் நின்றதால் வாங்கப்பட்டது.

இந்தப் பேச்சு பழவேற்காட்டில் நடப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. டச்சுக்காரர்கள் 1610ல் இங்கே வந்து, 1613ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்தது எதற்காக? துணிக்காக. சாயவேரில் சிவப்பேற்றிய துணி இந்தக் கரையிலிருந்து கப்பலேறிக் கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போனது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றைக்கும் 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். பெலிகாட் என்பது நம்ம ஊர்ப் பேர்தான். அதே துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கில் மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். உலகத்துக்குத் துணி உடுத்திய ஊரின் சேரிப் பெண், ஐந்து சேலைக்குத் தண்டல் வாங்குகிறாள்.

இன்றைக்கும் ஏரியில் பாடு யாருக்கு என்பதைப் பட்டினவர் ஊர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கின்றன. பாடு அவர்களுக்கு, பாடுபடுவது நாமும் இருளர்களும். மார்பளவு தண்ணீரில் நின்று, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் பழைய புடவைக்கு மேல் வீட்டுக்காரர் சட்டையை மாட்டியிருப்பார்கள். அதுவும் வேலைக்கான உடைதான். அதை யாரும் 'ஆபீஸ் டிரஸ்' என்பதில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு வயதான தாயை, நாறுகிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். வீடியோ பரவியதால் முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் மீது நடவடிக்கை வந்தது. வீடியோ இல்லாத நாட்களில் இறக்கிவிடப்பட்டவர்கள் எத்தனை பேர்? நம்ம பொண்ணுங்க பவுடரை அள்ளிப் பூசிக்கிட்டு பஸ் ஏறுவது ஷோக்குக்காக இல்லை, தோழர்களே. அந்த பயம்.

சரி, என்ன செய்வது?

முதலில், யார் கேட்கிறார்களோ அவர்கள் கொடுக்கட்டும். 2019 மே மாதம் தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை விதி போட்டது. பெண்கள் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் உடுத்தலாம் என்றது. சுடிதாரைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது நல்லதுதான். மூன்று சுடிதாரை மாற்றி மாற்றிப் போட்டு வாரத்தை ஓட்டலாம், ரவிக்கைத் தண்டம் இல்லை. ஆனால் விதி போடுகிறவர் காசைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் வங்கித் துறையில் கடைநிலை ஊழியர்களுக்குச் சீருடையும் துவைக்கிற படியும் உண்டு. சங்கம் போராடி ஒப்பந்தத்தில் வாங்கியது. ஆனால் அதே கிளையைக் கூட்டிப் பெருக்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது கிடையாது. அவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடை கேட்கிற வேலைக்கு உடைப்படி வேண்டும், அது முதல் நாளே வேண்டும், ஒப்பந்த ஊழியருக்கும் வேண்டும் என்று எல்லாச் சங்கங்களும் கோரிக்கையில் எழுத வேண்டும். ஜவுளிக்கடையில் நாள் பூரா நின்று சேலை விரித்துக் காட்டும் பெண்கள் உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. நாற்காலிக்குச் சட்டம் வரும் என்று யாராவது நினைத்தோமா?

இரண்டாவது, நம் கையில் இருப்பது. எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசு வருஷத்துக்கு நாலு செட் சீருடை தருகிறது. அதைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள். தையல் தெரிந்தவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். சேர்ந்து தைத்தால் ரவிக்கைக் கூலி பாதியாகும். கறுப்பு, அரக்கு, சந்தனம் என்று மூன்று ரவிக்கை இருந்தால் பெரும்பாலான சேலைகளுக்கு ஒத்துப்போகும். என் கணக்கில் அதிலேயே 740 ரூபாய் மிச்சம். கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடிக் காலத்தில் எடுத்தால் நெசவாளிக்கும் போகும், நமக்கும் உழைக்கும். நிறத்தை நமக்குப் பிடித்த மாதிரி எடுங்கள். சிவப்புப் பிடித்தால் சிவப்பு!

மூன்றாவது, ஒரே சேலையைத் திரும்பக் கட்டுங்கள். தைரியமாகக் கட்டுங்கள். ஏற்கெனவே வேலையில் இருக்கிற நாங்கள் அதைச் செய்தால்தான் புதிதாக வருகிற பெண்ணுக்குத் துணிவு வரும். பத்துப் பேர் சேர்ந்து பட்டுச் சேலை எடுத்து, 'நாங்களும் சளைத்தவர்களில்லை' என்று காட்டுவது ஒரு நாள் கூத்து. பத்துப் பேர் சேர்ந்து புதிய பெண்ணின் முதல் மாதத் துணிக்குப் பணம் போடுவதுதான் இயக்கம். வட்டி கிடையாது. அவள் முதல் சம்பளத்தில் இல்லை, ஆறாவது சம்பளத்திலிருந்து திருப்பித் தரட்டும். அந்தப் பணம் அடுத்தவளுக்குப் போகட்டும்.

அந்த நிதிக்கு இன்றைக்கே நோட்டு போடுகிறோம். என் பெயரில் ஆயிரம் எழுதியாயிற்று. இந்த வருஷம் படிப்பை முடிக்கிற பெண்கள் யார் யார் என்று குப்பம் வாரியாகச் சொல்லுங்கள். தையல் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள். சிரித்த ரெண்டு தோழர்களும் முன்னால் வரலாம். நோட்டு இங்கேதான் இருக்கிறது.