பீரோவுக்குள் இருக்கும் கொடை விழா

நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை, வில்லுப்பாட்டாகப் பாடப்படும் முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தார். அந்தக் கதையின் சொற்கள் நமக்குத் தங்கிவிட்டன. வில்லில் கட்டிய மணியோசையும், குடத்தின் முழக்கமும், உடுக்கையோடு ஏறி இறங்கும் புலவரின் குரலும் அச்சில் அடங்குமா? தாமிரபரணிக் கரை ஊர்களில் அவை, கோயில் கொடை விழாவில் பதிவானபடி, கமிட்டிக்காரர் வீட்டு பீரோவில், வீடியோக்காரர் எழுதிக் கொடுத்த வட்டுகளில் கிடக்கின்றன.

2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையைக் கொண்டுவந்தன. ப்ளூரே வட்டும் அதே ஆண்டில்தான் கடைக்கு வந்தது. இந்த முறைகளில் எழுதிய வட்டைக் கணினியில் திறந்தால் பிடிஎம்வி என்றொரு ஃபோல்டர், அதற்குள் எம்2டிஎஸ் கோப்புகள். வினாடிக்கு 24 மெகாபிட் என்று பதிந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கே 11 ஜிபி வரும். ராத்திரி முழுக்க நடக்கிற கொடையை எப்படி மும்பை தாராவியில் இருக்கும் நம் பிள்ளைகளின் செல்போனுக்கு அனுப்புவது?

செல்போனுக்கு ஏற்றபடி மாற்றுவதற்கு முன்னால் நகல் எடுங்கள். ஃபோல்டரை அப்படியே, ஒரு கோப்பும் விடாமல், இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு இரண்டு வீட்டில் வையுங்கள். இணையத்தில் ஏற்றுவது பார்ப்பதற்கு, மூலம்தான் சொத்து. ஏற்றியாயிற்றே என்று வட்டைத் தூக்கிப் போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அந்த எம்2டிஎஸ் கோப்புக்குள் இருப்பது பெரும்பாலும் எச்.264 படம். செல்போனுக்கும் தெரிந்த முறைதான். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் தொடாமல் எம்பி4 கோப்புக்கு மாற்றலாம். பாத்திரம் மாற்றி ஊற்றுவதுபோல. ஒலியை மட்டும் டால்பியிலிருந்து ஏஏசிக்கு மாற்றினால் போதும். ஆனால் அளவு குறையாது. அளவைக் குறைக்கப் படத்தைத் திரும்பச் சுருக்கத்தான் வேண்டும். 4 மெகாபிட்டில் சுருக்கினால் மணிக்கு 1.8 ஜிபி.

சிக்கலே இங்கேதான். சுருக்கும் மென்பொருள், முந்தைய ஃபிரேமிலிருந்து மாறாத இடங்களைத் திரும்ப எழுதாமல் மிச்சம் பிடிக்கிறது. சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறவரை எளிதாகச் சுருக்கிவிடலாம். சாம்பிராணிப் புகையும் தீப்பந்தமும் சீரியல் விளக்கும் சேர்ந்த சாமியாட்டத்தில் மாறாத இடம் எது? கஞ்சத்தனமாகச் சுருக்கினால் புகை கட்டம் கட்டமாக உடையும், சாமியாடியின் முகம் கலங்கிப் போகும். சாமியாட்டப் பகுதிக்கு 6, 8 மெகாபிட்கூடக் கொடுக்கலாம். இன்னொன்று, அந்தக் காலக் கேமராக்கள் பல ஒவ்வொரு ஃபிரேமையும் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் இரண்டு பாதியாக எடுத்தவை. அந்தப் பாதிகளைச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் வேலையைச் செய்யாமல் ஏற்றினால் வீசும் கை கோடு கோடாகக் கிழிந்து தெரியும்.

பாபநாசம் மலையடிவாரத்தில் சிக்னல் குறைவாக இருப்பவரும் பார்க்கவேண்டும் என்றால் எச்எல்எஸ் முறை இருக்கிறது. படத்தைச் சில வினாடித் துண்டுகளாக, மூன்று நான்கு தரத்தில் வைத்தால், செல்போன் தன் சிக்னலுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும். யூடியூபில் ஏற்றினால் இந்த வேலையை அவர்களே செய்துவிடுவார்கள்.

ஏற்றும் முன் கமிட்டியிடமும் பாடியவர்களிடமும் சம்மதம் கேளுங்கள். ஊர், சாமி, ஆண்டு, பாடிய கதை, புலவர் முதல் குடம் அடித்தவர்வரை எல்லோர் பெயரும் கோப்போடு இருக்கட்டும். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, படத்தை ஓடவிட்டு இப்போதே எழுதிவிடுங்கள்.