முறிந்த வங்கிகளின் நாணயத் தாள்கள்

ஐக்கிய அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்கு முன்னர் வழங்கிய நாணயத் தாள்களிற் பெரும்பாலானவை அரசாங்கம் வெளியிட்டவையல்ல. மாநிலங்களில் உரிமம் பெற்ற தனியார் வங்கிகள் வெளியிட்டவை. கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பொன்னோ வெள்ளியோ கொடுப்பதாக ஒவ்வொரு தாளும் வாக்களித்தது. தலைவரும் காசாளரும் தம் கைப்படக் கையொப்பமிட்டனர். வாக்குக் காப்பாற்றப்பட்டதா என்பது வேறு கதை.

றோட் ஐலண்ட் மாநிலத்தின் கிளொஸ்டர் என்னுஞ் சிற்றூரில் இருந்த விவசாயிகள் பரிவர்த்தனை வங்கியை, பொஸ்டன் நகரத்து அன்ட்ரூ டெக்ஸ்டர் என்பவர் தம் வசமாக்கினார். 1809ஆம் ஆண்டில் அது முறிந்தபொழுது, ஐந்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தாள்கள் மக்கள் கையில் இருந்தன. பெட்டியில் இருந்த நாணயமோ 86 டொலரும் சில சதங்களுமே! 1837ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மிச்சிகனில் காளான்போல் முளைத்த வங்கிகள் இன்னுந் துணிந்தன. பரிசோதகர் வருமுன்னரே ஒரே பொற்காசுகள் வங்கிக்கு வங்கி வண்டியேறிச் சென்றன. ஆணி நிரம்பிய பீப்பாய்களின்மேல் வெள்ளிக்காசு பரப்பி வைத்தோரும் உளர். நட்டம் யாருக்கு? தானியத்தை விற்று அத்தாளைப் பெட்டகத்திற் பூட்டிவைத்த உழவனுக்கே.

1865ஆம் ஆண்டிற் சட்டமாகிய பத்து வீத வரி இத்தாள்களின் வழக்கத்தை ஒழித்தது. இன்று அவற்றைத் தேடுவோர் சேகரிப்பாளரே. எஃகுத் தகட்டிற் செதுக்கிய கப்பல், புகைவண்டி, அறுவடை வயல், ஏன், நத்தார்த் தாத்தாவின் உருவங்கூட அவற்றிற் காணப்படும். விந்தை யாதெனில், நேர்மையான வங்கி தன் தாளைப் பணங்கொடுத்து மீட்டு அழித்தபடியால் அத்தாள் அரிதாயிற்று. ஏமாற்றிய வங்கியின் தாளோ மீட்பாரின்றி மிகுதியாய் எஞ்சிற்று. அருமை நோக்கி விலை ஏறும்பொழுது, நாணயந் தவறாதவனுக்கே மதிப்பு அதிகம்.

புதிதாய்ச் சேர்ப்போர் இரண்டில் விழிப்பாயிருத்தல் வேண்டும். கையொப்பமிடாது எஞ்சிய தாள்களிற் பிற்காலத்தார் பொய்க் கையொப்பமிட்டு விற்பதுண்டு. கழுவி, மடிப்பு நீக்கி, அழுத்திய தாள் கண்ணுக்கு இனிதாயினும் மதிப்பிற் குறைந்ததே. பழைய ஊசித்துளையும் அழுக்கும் அது உண்மையாகவே கைமாறியதற்குச் சாட்சி. அக்காலத்தவரே செய்த போலித் தாள்களையுஞ் சேர்ப்போர் ஒதுக்குவதில்லை. சில வங்கிகளைப் பொறுத்தவரை, உண்மைத் தாள் ஒன்றேனும் அகப்படாமற் போலித் தாள் மட்டுமே எஞ்சியிருக்கின்றது.