கடலுக்கடியில் இரண்டு கணக்குகள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரவுச் சந்தையில் கரும்புச் சாறு விற்பவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை பிழிந்த கரும்பை அவர் வீசிவிடுவதில்லை. மடித்து மறுபடியும் இயந்திரத்தில் விடுகிறார். எண்ணெய் வயலிலும் இதே கதைதான்.

நிலத்தடியில் எண்ணெய் குளம்போலத் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பாறையின் நுண்ணிய துளைகளில், பஞ்சில் ஊறிய நீரைப் போல இருக்கிறது. முதலில் இயற்கை அழுத்தமே அதை மேலே தள்ளும். அந்த அழுத்தம் குறைந்ததும் தண்ணீரையோ எரிவாயுவையோ செலுத்தித் தள்ளுவார்கள். இவ்வளவு செய்தும் உலக வயல்களில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான் மேலே வருகிறது. மீதி பாறையிலேயே ஒட்டிக்கொள்கிறது.

நம் நாட்டுக்கு இது முக்கியமான விஷயம். 1910-இல் மீரியில் தோண்டிய கிணற்றோடு நம் எண்ணெய் வரலாறு தொடங்கியது. திரங்கானு கடற்பகுதியில் உள்ள தாப்பிஸ் வயல் 1969-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வயலுக்கு வயதானபோது, நீரையும் வாயுவையும் மாறி மாறிச் செலுத்தி எஞ்சிய எண்ணெயை எடுக்கும் திட்டம் 2014-இல் அங்கே தொடங்கியது. புதிய வயலைத் தேடி அலைவதைவிடப் பழைய வயலை மறுபடியும் பிழிவது சில வேளைகளில் லாபகரமானது.

இப்படிச் செலுத்தக்கூடிய வாயுக்களில் ஒன்று கரிவளி. போதிய அழுத்தத்தில் அது எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் சற்று உப்பும், இளகும், பாறையை விட்டு நகரும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டியை வெறும் தண்ணீரால் கழுவுவதற்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1972 முதல் இதைப் பெரிய அளவில் செய்து வருகிறார்கள்.

'எண்ணெயும் கிடைக்கிறது, புவியைச் சூடாக்கும் கரிவளியும் புதைகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' என்று சிலர் சொல்கிறார்கள். அந்த மாங்காய்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயை எரித்தால் சுமார் 0.43 டன் கரிவளி வெளியாகிறது. அமெரிக்க அனுபவத்தில், கூடுதலாக ஒரு பீப்பாய் எடுக்க 0.3 முதல் 0.6 டன் வரை கரிவளி செலுத்தப்படுகிறது. ஆக, சிறப்பாகச் செய்தாலும் வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. அதுவும், செலுத்தும் கரிவளி ஆலையின் புகையிலிருந்து பிடிக்கப்பட்டதாக இருந்தால்தான். அமெரிக்காவில் பயன்படுத்தப்பட்டதில் பெரும்பகுதி, நிலத்தடியில் இயற்கையாகவே இருந்த கரிவளியைத் தோண்டி எடுத்தது. அதனால் காற்றுக்கு எந்த நன்மையும் இல்லை.

எண்ணெய் எடுக்காமல், சேமிப்பதற்காகவே புதைப்பது வேறு வகை. நோர்வே 1991-இல் கடலில் எண்ணெய் எடுப்போருக்குக் கரிவளி வரி விதித்தது. காற்றில் விட்டால் பணம் கட்ட வேண்டும் என்றதும் வழி பிறந்தது. ஸ்லைப்னர் வயலின் எரிவாயுவில் கலந்திருந்த கரிவளியைப் பிரித்து, 1996 முதல் ஆண்டுக்கு ஒரு மில்லியன் டன் அளவில் கடலடிப் பாறையில் செலுத்தினார்கள். சுமார் 800 மீட்டருக்கும் கீழே, அங்குள்ள வெப்பத்திலும் அழுத்தத்திலும் கரிவளி திரவம்போல அடர்த்தியாகிவிடும். மேலே இறுகிய களிமண் பாறை மூடிபோல நிற்கும். நாளடைவில் ஒரு பகுதி பாறைத் துளைகளில் சிக்கும், ஒரு பகுதி உப்பு நீரில் கரையும்.

நம் நாட்டிலும் இது வந்துவிட்டது. சரவாக் கடலில் உள்ள கசாவாரி வயலின் எரிவாயுவில் கரிவளி மிக அதிகம். அதைப் பிரித்து, ஆண்டுக்கு 3.3 மில்லியன் டன் வரை, எரிவாயு தீர்ந்துபோன எம்1 வயலுக்குக் குழாய் வழியே அனுப்பும் திட்டத்தைப் பெட்ரோனாஸ் 2022-இல் உறுதி செய்தது.

அப்படியானால் அச்சம் எங்கே? முதலாவது, பழைய கிணறுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் எரிவாயுவைக் காத்த பாறை மூடியில் துளை போட்டவர்கள் நாம்தான். ஈரத்தோடு சேர்ந்த கரிவளி அமிலமாகி இரும்பையும் சிமெண்டையும் அரிக்கும். ஒழுங்காக அடைக்கப்படாத ஒரு கிணறு போதும், கரிவளி மேலேறி வர. இரண்டாவது, குழாய்கள். 2020-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கரிவளிக் குழாய் வெடித்து, மூச்சுத் திணறிய 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். மூன்றாவது, கணக்குப் பிசகு. ஆஸ்திரேலியாவின் கோர்கன் திட்டம் ஆண்டுக்கு 4 மில்லியன் டன் வரை புதைப்பதாகச் சொல்லி 2019-இல் தொடங்கியது. நிலத்தடி அழுத்தச் சிக்கலால் அந்த இலக்கை எட்ட முடியவில்லை.

நம் நாடாளுமன்றம் 2025-இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அது தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். சரவாக் 2022-லேயே தனக்கென விதிகளை வகுத்துக்கொண்டது. வெளிநாட்டுக் கரிவளியை இங்கே கொண்டுவந்து புதைக்கவும் மத்தியச் சட்டம் வழிவிடுகிறது. வருமானம் வரும், மறுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தின் குத்தகை சில பத்தாண்டுகள். புதைத்த வாயுவோ நூற்றாண்டுகளுக்கு அங்கேயே இருக்க வேண்டியது. நிறுவனம் போன பிறகு காவல் காக்கப்போவது நம் பேரப்பிள்ளைகள்.

ஆகவே நான் கேட்பது மூன்று. எண்ணெய்க்காகச் செலுத்தும் கரிவளியையும் சேமிப்புக்காகப் புதைக்கும் கரிவளியையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். ஒரு வயலில் புதைப்பதற்கு முன், அங்குள்ள ஒவ்வொரு பழைய கிணற்றையும் சோதியுங்கள். எவ்வளவு உள்ளே போனது, எங்கே நகர்ந்தது என்ற கண்காணிப்பு விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இந்தத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கசாவாரி போன்ற வயல்களில் கரிவளியைக் காற்றில் விடுவதைவிடப் புதைப்பது நிச்சயம் மேல். ஆனால் வீட்டுக் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவன், வீடு சுத்தமாகிவிட்டது என்று சொல்லக்கூடாது. குப்பையையும் குறைக்க வேண்டும். அதுதான் முதல் வேலை.