குறிப்பேட்டில் ஏறாத சொல்

(குமாரலிங்கபுரத்தில் பெற்றோர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் ஆற்றிய உரை)



பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கும் நாள்களில் இக்கரிசற் சீமை மாணவன் எதைப் படிக்கிறான் என்று பாருங்கள். அவன் கையில் இருப்பது பாடநூல் அன்று, குறிப்பு. மூத்த மாணவர் எழுதி வைத்ததைப் படியெடுத்தது, அல்லது கடையில் வாங்கியது. இயற்பியலுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று, பொருளியலுக்கு ஒன்று. மூன்றும் ஆங்கிலம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துத் தேறியவன், முடுக்கம் இன்னதென்று தன் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவன், கல்லூரியில் புகுந்த முதற் பருவத்திலேயே வாயடைத்துப் போகிறான். அறிவு குறைந்துவிட்டதா? இல்லை. அறிந்ததைச் சொல்லும் மொழி பறிபோயிற்று. ஆகவே நெட்டுருப் போடுகிறான். நெட்டுருவில் ஒரு சொல் தவறினால் பத்தி முழுவதும் போகும். பொருள் விளங்காமல் உருவேற்றியவனுக்கு அடுத்த தொடரைத் தானே அமைக்க வராது.

“தமிழில் எழுதக் கூடாதென்று தடுத்தவர் யார்?” என்று கேட்பார் உளர். நன்று. 2023 ஏப்பிரலில் பல்கலைக்கழக நல்கைக் குழுவே, ஆங்கில வழியிற் படிப்போரும் தம் மொழியில் தேர்வெழுத இசைவு தருமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழ்வழியிற் படித்தோர்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இலேயே வந்தது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது. இலை போட்டாயிற்று, சோறு எங்கே? தமிழில் எழுதலாம் என்று சொன்னால் மட்டும் போதுமா? தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்டிப் பார்க்கத் தமிழில் பத்துத் தாள் வேண்டாவா?

முடியாது என்பாரும் உளர். அவர்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைத்துப் பார்க்கட்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். தாம் தமிழ் கற்றார். 1860-களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் என்று நூல்களைத் தமிழில் ஆக்கினார்; உடனிருந்த தமிழ் மாணவர் கைகொடுத்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் தமிழிலேயே கற்று மருத்துவராயினர். அவர்தம் வேதியியல் நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. அப்பெயரைக் கண்டு இன்று நாம் நகைக்கலாம். ஆனால் அந்நூலைப் படித்தவன் நோயாளியின் நாடியைப் பிடித்தான். நம் தூய சொற்பட்டியல்கள் பல இன்னும் அலமாரியைத் தாண்டவில்லையே!

இதை நம்மவர் செவியில் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கம் கண்டது 1916. சேலத்தில் இராசாசி முதலானோர் அறிவியற் சொல்லாக்கத்திற்கெனக் கழகம் கண்டதும் அதே 1916. அன்றுமுதல் சொல் பிறந்துகொண்டேயிருக்கிறது. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைப் பாடங்கள் தமிழில் தொடங்கின. பின்னர்ப் பாடநூல் நிறுவனமும் அதற்கு முன்னிருந்த வெளியீட்டுக் கழகமும் இயற்பியல், வேதியியல், பொருளியல், வரலாறு என நூற்றுக்கணக்கான கல்லூரி நூல்களைத் தமிழில் அச்சிட்டன. அவற்றுட் பல இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. படிப்பவர் யார்? 1970-இல் தமிழைக் கல்லூரிப் பயிற்றுமொழியாகக் கட்டாயமாக்க முனைந்தபோது மாணவரிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. வேலை கிட்டாது என்ற அச்சம் அதற்குக் கரணியம். அவ்வச்சத்தை வெறும் மொழிப்பற்றின்மை என்று இகழ்வது முறையன்று.

எந்தச் சொல் நின்றது, எந்தச் சொல் நில்லாது போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். ஒளிச்சேர்க்கை நின்றது, பள்ளித் தேர்வில் ஆண்டுதோறும் பிள்ளைகள் அதை எழுதுகிறார்கள். கணினி என்பது கணிப்பொறியை ஓரங்கட்டிவிட்டு நின்றது; மக்கள் வாய் எடுத்துக்கொண்டது. அகராதியில் மட்டும் அச்சேறியது அங்கேயே துஞ்சுகிறது. மாணவனின் குறிப்பேட்டில் ஏறாத சொல் எத்துணைத் தூயதாயினும் பிறவாத சொல்லே.

தமிழில் குறிப்பெழுதினால் என்ன நேரும் என்பதை இம்மண்ணை வைத்தே காட்டலாம். பொருளியலில் சிலந்திவலைத் தேற்றம் என்று ஒன்றுண்டு. கால்டர் 1934-இல் இட்ட பெயர் அது. சென்ற பருவத்து விலையைப் பார்த்து இப்பருவம் விதைக்கிறார்கள். எல்லாரும் விதைத்ததால் அளிப்புப் பெருகி விலை விழுகிறது. விழுந்ததைக் கண்டு மறுபருவம் குறைத்து விதைக்க, விலை ஏறுகிறது. தேவைக் கோட்டிற்கும் அளிப்புக் கோட்டிற்கும் இடையே இந்த ஏற்ற இறக்கத்தை வரைந்தால் சிலந்தி வலைபோல் தோன்றும். மல்லி விதைத்து விருதுநகர்ச் சந்தைக்கு மூட்டை ஏற்றியவர் வீட்டுப் பிள்ளைக்கு இது புதிதா? தன் தந்தை பட்ட பாட்டையே ஆங்கிலத்தில் நெட்டுருச் செய்து, தன் வீட்டுக் கதை என்று அறியாமலே தேர்வில் கக்கிவிட்டு வருகிறான். இதைவிட இரக்கத்திற்குரிய காட்சி உண்டா?

கணினிப் பாடத்திற்கு அருப்புக்கோட்டைத் தறிக்கூடமே முதற்பாடம். பிரான்சு நாட்டு நெசவாளர் சக்கார்டு 1804-இல் துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கிக் காட்டினார். துளை உண்டேல் ஊசி புகும், இழை எழும். துளை இல்லையேல் எழாது. உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலை. பாபேசு 1830-களில் தாம் வகுத்த கணக்குப் பொறிக்கு அவ்வட்டையைக் கொண்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒல்லரித்தின் பொறி துளை அட்டைகளை எண்ணியது. நிரல், தரவு, நினைவகம் மூன்றையும் தறியருகே நின்று விளக்கிவிடலாம்.

வேதியியலுக்குக் காலடி மண். கரிசல் நனைந்தால் பருப்பதும் காய்ந்தால் வெடிப்பதும் ஏன்? களிக் கனிமத்தின் மெல்லேடுகளுக்கிடையே நீர் புகுந்து ஏடுகளை விலக்குகிறது; நீர் நீங்க, ஏடுகள் நெருங்குகின்றன.

இனிச் செய்ய வேண்டுவது. ஒவ்வொரு பாடத்திலும் தேர்வில் அடிக்கடி வரும் வினாக்களை எடுத்துக்கொள்க. முதலில் பொருளைத் தமிழில் நான்கு வரியில் எழுதுக, பின்பு படம் அல்லது சமன்பாடு, பின்பு வரையறை. ஆங்கிலக் கலைச்சொல்லைத் தமிழெழுத்தில் ஒருமுறை ஓரத்தில் குறித்துக்கொள்க. இதற்கு நம்மவருள் சிலர் முகம் சுளிப்பர், சுளிக்கட்டும். விடைத்தாளைத் திருத்துபவர் தடுமாறினால் மதிப்பெண் இழப்பவன் மாணவனே. ஈழத்தார் பொருளியலில் கேள்வி, நிரம்பல் என்பர். தமிழகத்தார் தேவை, அளிப்பு என்பர். எது சிறந்தது என்று வழக்காட இது நேரமன்று. தேர்வுத்தாளில் உள்ள சொல்லைக் கொள்க. கல்லூரி முடித்தவர் தாம் எழுதிய குறிப்பை எடைக்குப் போடாமல் ஊர் நூலகத்தில் தருக.

மல்லி மாசியில் அறுவடையாகும். தேர்வு சித்திரையில். இடையே பங்குனி முழுதும் இருக்கிறது. பொருளியற் குறிப்பைச் சிலந்திவலைத் தேற்றத்திலிருந்து தொடங்கலாம்; அதற்குள் இவ்வாண்டு மல்லி என்ன விலை போயிற்றென்று வீட்டிலேயே தெரிந்திருக்கும்.