வென்ற குழு ஏன் தோற்றது?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் வெற்றியைப் பற்றிப் பேசுவார்கள். எப்படி உழைத்தால் முதல் பரிசு கிடைக்கும் என்று சொல்வார்கள். நான் இன்று முதல் பரிசு வாங்கியவர்கள் பிறகு தோற்றுப்போன கதையைச் சொல்லப் போகிறேன். "நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சு?" என்று முகம் சுளிக்காதீர்கள். பரிசு வாங்காதவனை விட, பரிசு வாங்கியவனுக்குத்தான் இந்தக் கதை அதிகம் தேவை.

மாணவர்களே, உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், "அப்பா, நீங்க முதல்ல வாங்கின கைத்தொலைபேசி எது?" என்று. பத்துப் பேரில் பாதிப் பேராவது "நோக்கியா" என்பார்கள். கீழே விழுந்தாலும் உடையாது; மின்னேற்றினால் நாள்கணக்கில் தாங்கும்; உள்ளே ஒரு பாம்பு விளையாட்டு இருக்கும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 3310 என்ற ஒரு வகை மட்டுமே 12 கோடிக்கு மேல் விற்றது. 2003-இல் வந்த 1100 என்ற வகை 25 கோடியைத் தாண்டியது.

அந்த நிறுவனம் பின்லாந்து நாட்டினுடையது. 1865-இல் ஒரு காகிதக்கூழ் ஆலையாகத் தொடங்கி, காலப்போக்கில் ரப்பர் காலணி, மின்கம்பிவடம், தொலைக்காட்சிப் பெட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் செய்து பார்த்தது. 1990-களின் தொடக்கத்தில் அதற்குப் பெரும் நட்டம். 1991-இல் சோவியத் யூனியன் சிதறியது. பின்லாந்துக்கு ஒரு பெரிய சந்தை போயிற்று. நாடே பொருளாதார நெருக்கடியில் தவித்தது.

அந்த நேரத்தில், 1992-இல், ஜோர்மா ஒல்லிலா என்பவரைத் தலைமை நிர்வாகியாக்கினார்கள். வயது 41. அவரோடு தோள் கொடுக்க நான்கு பேர்: ஒல்லி-பெக்கா கல்லஸ்வுவோ, மத்தி அலஹுஹ்தா, பெக்கா அலா-பியெத்திலா, சாரி பால்டவுஃப் என்ற பெண்மணி. எல்லாரும் நாற்பதை ஒட்டிய வயதினர். "எல்லாக் கடையையும் திறந்து வைத்துக்கொண்டு எதிலும் வியாபாரம் இல்லாமல் இருப்பதை விட, ஒரு கடையை ஒழுங்காக நடத்துவோம்" என்பதுபோல, தொலைத்தொடர்பை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கைகழுவினார்கள். ஆறே ஆண்டுகளில், 1998-இல், அமெரிக்காவின் மோட்டரோலாவை முந்திக்கொண்டு கைத்தொலைபேசி உற்பத்தியில் உலக முதலிடம்!

இந்த ஐவரை அவர்கள் நாட்டில் கனவுக் குழு என்றே அழைத்தார்கள். அந்தக் குழுவின் பலம் எது? ஐவரும் ஒரே கஷ்டத்தைச் சேர்ந்து அனுபவித்தவர்கள். நிறுவனம் மூழ்கும் நிலையில் இருந்தபோது ஒருவருக்கொருவர் ஒளிக்க எதுவும் இருக்கவில்லை. இன்னொன்றும் செய்தார்கள். உலக முதலிடம் கிடைத்த அதே 1998-இல் ஒல்லிலா தம் தளபதிகளின் நாற்காலிகளை மாற்றிவைத்தார். தொலைத்தொடர்புக் கருவிப் பிரிவை நடத்தியவர் கைத்தொலைபேசிப் பிரிவுக்குப் போனார். கைத்தொலைபேசிப் பிரிவை நடத்தியவர் புதிய தொழில்களைத் தேடும் பிரிவுக்குப் போனார். "இது என் பிரிவு, அது உன் பிரிவு" என்ற வேலி முளைக்க வழியில்லை. அடுத்தவர் கஷ்டம் எனக்குத் தெரியும், என் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

சரி, இவ்வளவு நல்ல குழு எப்படிக் கெட்டது?

2004-இல் நிறுவனத்தை நான்கு தொழில் பிரிவுகளாகப் பிரித்தார்கள். அவற்றுக்குக் குறுக்கே எல்லாருக்கும் பொதுவான பிரிவுகளையும் வைத்தார்கள். தாளில் வரைந்து பார்த்தால் அழகான திட்டம். நடைமுறையில், ஒரே ஆள் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 'ரெண்டு வீட்டு விருந்தாளி பட்டினி' என்ற கதைதான். பொதுவாக இருந்த மென்பொருள் பொறியாளர்களுக்காகப் பிரிவுகள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. 2005 முடிவதற்குள் அலஹுஹ்தா, பால்டவுஃப், அலா-பியெத்திலா மூவரும் வெளியேறிவிட்டார்கள். 2006-இல் ஒல்லிலா நிர்வாகப் பொறுப்பை விட்டு வாரியத் தலைவராக மட்டும் இருந்தார். சட்டம் படித்து நிதித் துறையில் தேறிய கல்லஸ்வுவோ தலைமை நிர்வாகியானார். அவர் திறமை இல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து பேர் பிடித்த தேர்வடம் ஒருவர் கைக்கு வந்துவிட்டது, அதுதான் விஷயம்.

அப்போதும் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. 2007-இன் இறுதியில் உலகில் விற்ற பத்துக் கைத்தொலைபேசிகளில் ஏறத்தாழ நான்கு நோக்கியா! ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை அறிவித்திருந்தது. அடுத்த ஆண்டே ஆண்ட்ராய்டு வந்தது. நோக்கியாவுக்குத் தொடுதிரை தெரியாதா? தெரியும். ஐபோனுக்கு முன்பே தொடுதிரைக் கருவியைச் சந்தையில் வைத்த நிறுவனம்தான் அது. பணம் இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள், அறிவு இருந்தது. பிறகு என்னதான் இல்லை?

இதை இரண்டு ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். ஒருவர் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோ வுவோரி. மற்றவர் சிங்கப்பூரிலும் வளாகம் கொண்ட இன்சியாட் வணிகக் கல்விக் கழகத்தின் குவி ஹுவி. மேலாளர்கள், பொறியாளர்கள், வெளி நிபுணர்கள் என 76 பேரிடம் பேசி, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட விடை ஒரே சொல்லில் அடங்கும்: பயம்.

மேலே இருந்தவர்களுக்கு வெளியே பயம். போட்டியாளர் முந்திவிடுவானோ, இந்தக் காலாண்டுக் கணக்கில் துண்டு விழுமோ என்ற பயம். அதனால் கீழே இருந்தவர்களை விரட்டினார்கள். சிலர் கூட்டத்தில் சத்தம் போட்டார்கள். கீழே இருந்தவர்களுக்கு மேலே இருந்தவர்களிடம் பயம். "சிம்பியன்" என்ற தங்கள் இயக்க மென்பொருள் புதிய காலத்துக்கு ஈடுகொடுக்காது என்று இடைநிலையில் இருந்த பலருக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும்? "உனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்பார்கள், பதவி போகும். ஆகவே "முடியும் சார், ஆறு மாதத்தில் முடித்துவிடலாம்" என்றார்கள். மேலே இருந்தவர்கள் அதை நம்பினார்கள். நம்பியதை வைத்து அடுத்த திட்டம் போட்டார்கள். பொய்யின் மேல் மாடி கட்டினால் நிற்குமா?

தோட்டத்து வாழ்க்கை அறிந்த பெரியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். வெட்டுக்காட்டில் மரம் பட்டுப்போவது யாருக்கு முதலில் தெரியும்? பால்மரம் வெட்டுகிறவருக்கு. அவர் மண்டோரிடம் சொல்ல வேண்டும், மண்டோர் கிராணியிடம், கிராணி துரையிடம். துரை எரிந்து விழுகிறவர் என்றால், ஏதோ ஒரு படியில் அந்தச் செய்தி உட்கார்ந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும். காட்டில் மரம் காய்ந்துகொண்டிருக்கும்.

பயம் ஒன்றே காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். தொழில்நுட்பம் தலைகீழாக மாறிய காலம் அது, பலரும் விழுந்தார்கள். ஆனால் மாற்றம் வருவது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தும் உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை என்பதுதான் வேதனை. குறை கண்டால் கண்டித்துச் சொல்லும் துணை இல்லாத ஆட்சிக்கு வெளிப்பகையே வேண்டியதில்லை என்ற கருத்தை, பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்திலே வள்ளுவர் என்றைக்கோ சொல்லிவிட்டார்.

முடிவு என்ன? 2010-இல் ஸ்டீஃபன் ஈலாப் என்ற வெளியாளைத் தலைமைக்குக் கொண்டுவந்தார்கள். 2011-இல் மைக்ரோசாஃப்டுடன் கூட்டுச் சேர்ந்தார்கள். 2013-இல் கைத்தொலைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்து, 2014 ஏப்ரலில் விற்றுமுடித்தார்கள். விலை 544 கோடி யூரோவுக்குச் சற்றுக் கூட.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறதே, அங்கே 2006-இல் நோக்கியா ஓர் ஆலை திறந்தது. உச்ச காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். பள்ளிப்படிப்பு முடித்து, சீருடை போட்டு, நிறுவனப் பேருந்தில் ஏறி, மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பிய பிள்ளைகள். கைத்தொலைபேசித் தொழில் கைமாறியபோது இந்திய அரசோடு இருந்த வரி வழக்கினால் அந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. அங்கே செய்த கருவிகளை வாங்குவதை மைக்ரோசாஃப்டும் நிறுத்தியது. 2014 நவம்பர் 1-ஆம் நாள் ஆலை மூடப்பட்டது. வரி வழக்குக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் தொழில் நன்றாக நடந்திருந்தால் அதை விற்கும் நிலையே வந்திருக்காதே! ஏதோ ஒரு குளிர்தேசத்தில், கூட்ட அறையில் சிலர் வாய் திறக்கப் பயந்தார்கள். அதன் விலையில் ஒரு பங்கை, அந்த அறையை ஒருநாளும் பார்த்திராத நம் பெண்பிள்ளைகள் கொடுத்தார்கள். தலைமை என்பது விளையாட்டல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

கதை இத்துடன் முடியவில்லை. 2012-இல் ரிஸ்தோ சீலஸ்மா என்பவர் வாரியத் தலைவரானார். கெட்ட செய்தி வந்தால் கோபப்படக்கூடாது, எந்தச் செய்தியும் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்பதை வாரியத்தில் வழக்கமாக்கினார். மிஞ்சியிருந்த தொலைத்தொடர்புக் கருவித் தொழிலைச் சீர்செய்தார்கள். 2016-இல் அல்காட்டெல்-லூசென்ட் என்ற பெரிய நிறுவனத்தையே தன்னோடு இணைத்துக்கொண்டார்கள். இன்றும் அத்துறையில் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று நோக்கியா. விழுந்தவர்கள் எழுந்தது உண்மை பேசத் தொடங்கிய பிறகு.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

மாணவத் தலைவர்களே, இன்று சின்னம் குத்திக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைக் கண்டதும் வகுப்பு அமைதியாகிறது என்றால் பெருமைப்படாதீர்கள். யாராவது ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, "அண்ணே, நீங்க செஞ்சது சரியில்லை" என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் நீங்கள் தலைவர். பந்துக் குழுவில் இருப்பவர்களே, கால் வலிக்கிறதென்றால் ஆட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள். பாதி ஆட்டத்தில் உட்கார்ந்தால் குழுவே உட்காரும்.

பெற்றோர்களே, "அம்மா, எனக்குக் கணக்குப் புரியலை" என்று பிள்ளை சொல்லும்போது பிரம்பைத் தேடாதீர்கள். இன்று அடித்தால் நாளைக்கு அவன் சொல்லமாட்டான். மதிப்பெண் அட்டையை ஒளித்துவைப்பான். நோக்கியா மேலாளர் செய்ததும் அதுதானே!

பள்ளியை நடத்தும் பெரியோர்களுக்கும் பணிவோடு ஒரு வார்த்தை. இந்த நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மாணவர் எண்ணிக்கை குறைந்து தவிக்கும் பள்ளிகள் பல. ஒரு பள்ளி ஒரே நாளில் காலியாவதில்லை. முதலாம் ஆண்டில் பத்துப் பிள்ளைகள் குறைந்தபோது ஒருவர் கவனித்திருப்பார். மூன்றாம் ஆண்டுக்கு வந்தும் ஒரு பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்பது ஓர் இளம் ஆசிரியைக்குத் தெரிந்திருக்கும். கூட்டத்தில் அதைச் சொன்னால் "நேத்து வந்தவங்க, நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டால் அதோடு சரி. சுவரில் மாட்டியிருக்கும் பழைய கேடயங்கள் புதிய பிள்ளைகளைச் சேர்த்துத் தரமாட்டா. ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் வரவுசெலவுக் கணக்கு வாசிப்பதுபோல், "இந்த மாதம் நமக்கு வந்த கெட்ட செய்தி என்ன?" என்று ஒரு கேள்வியையும் வையுங்கள். சொல்பவர் வயதைப் பார்க்காதீர்கள். சொல்லப்படும் விஷயத்தைப் பாருங்கள். சொன்னவருக்கு எல்லாரும் கேட்க நன்றி சொல்லுங்கள். அடுத்த மாதம் இன்னொருவர் வாய் திறப்பார்.

சொல்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கூட்டத்தில் மௌனமாக இருந்துவிட்டு, வெளியே காப்பிக்கடையில் வந்து பேசுவது துணிவல்ல. சபையிலேயே, மரியாதையோடு, கையில் ஆதாரத்தோடு, காலம் கடப்பதற்குள் சொல்ல வேண்டும்.

பரிசு பெற்ற பிள்ளைகளே, உங்களுக்கு என் வாழ்த்து. இன்றிரவு அந்தக் கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு, உங்கள் தவறைத் தைரியமாகச் சொல்லக்கூடிய ஒரு நண்பன் யார் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி ஒருவன் இருந்தால் அவனை விட்டுவிடாதீர்கள். கோப்பையை விட அவன் பெரியவன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!