கப்பல் கொடுக்கும் வாடகை

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"குற்றாலச் சாரல்ல நனைஞ்சுக்கிட்டு துறைமுகத்தைப் பத்திப் பேசுறாரே, நமக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். தென்காசி, செங்கோட்டை மர அறுவை மில்களைப் பாருங்கள். அங்கே கிடக்கும் வெளிநாட்டுத் தடிகளில் பல தூத்துக்குடியில் இறங்கி வந்தவை. நம் வீட்டு நிலைக்கதவின் விலையில் கப்பல் கட்டிய கட்டணமும் சேர்ந்தே இருக்கிறது.

சீசனில் குற்றாலத்துக்கு வேன் கொண்டுபோனால் ரசீது கிழிக்கிறார்கள் அல்லவா? கப்பலுக்கும் அப்படித்தான். உள்ளே நுழையத் துறைமுகக் கட்டணம். வழிகாட்டிக் கூட்டிவரும் பைலட்டுக்குத் தனி. கட்டி நிற்கும் நேரத்துக்கு பெர்த் வாடகை. துறைமுகக் கட்டணத்துக்குச் சரக்கின் எடை கணக்கல்ல. கப்பலின் கொள்ளளவான கிராஸ் டன்னேஜ்தான் கணக்கு. வெறுங்கப்பலும் தப்ப முடியாது. அதனிடம் முக்கால் பங்குவரை வாங்கலாம் என்றது 1908-ம் ஆண்டுச் சட்டம்.

"எதுக்கு இவ்வளவு?" என்றால், கடலுக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் போட்டு உண்டாக்கிய துறைமுகம் அது. 1974-ல் பெருந்துறைமுகம் ஆனது. ஆழம் குறையாமல் மண்ணை வாரிக்கொண்டே இருந்தால்தான் பெரிய கப்பல் வரும். அதற்குப் பணம் வேண்டும். கட்டணத்தை ஏற்றினால் கப்பல் கொச்சிக்கோ கொழும்புக்கோ போய்விடும். 2024 முதல் விழிஞ்ஞமும் போட்டிக்கு வந்துவிட்டது. ரொம்பக் குறைத்தாலோ பராமரிப்பு படுத்துவிடும்.

1997 முதல் பெருந்துறைமுகங்களின் கட்டணத்தை மத்திய அரசு அமைத்த தனி ஆணையம் நிர்ணயித்தது. 2021-ம் ஆண்டுச் சட்டம் அந்தப் பொறுப்பை அந்தந்தத் துறைமுக வாரியத்திடமே கொடுத்துவிட்டது. வசூலிப்பவரே விலையையும் வைக்கிறார். ஆகவே, பார்த்துக் கேட்க ஆள் வேண்டும்.

தம்பி தங்கைகளே, கட்டணப் பட்டியல் ரகசியமல்ல, அச்சிட்டு வெளியிடுகிறார்கள். வணிகவியல் படிக்கிறவர்கள் ஒருமுறை அதை வாங்கி வாசியுங்கள். வாங்கிய காசுக்கு ஆழம் கூடியதா, கப்பல் காத்துக்கிடக்கும் நேரம் குறைந்ததா என்று கேளுங்கள். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ.சி.யின் பெயரை 2011-ல் அந்தத் துறைமுகத்துக்குச் சூட்டினோம். பெயர் வைத்தால் மட்டும் போதுமா?

வரி என்றால் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். கட்டணம் என்றால் அதற்குரிய சேவையைக் கேட்டு வாங்க வேண்டும்.